சிரமதானத்திற்குச் சான்று வேண்டும்

ஊர்ப் பொதுப்பணியில் மக்கள் தாமே முன்வந்து உழைப்பது நம் நாட்டில் புதிதன்று. ஏரிக்கரையை அடைப்பதும் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதும் குடிமராமத்து என்னும் பெயரால் நெடுங்காலம் நடந்து வந்தவையே. ஆயினும் அவ்வுழைப்பை முறையாகப் பதிவு செய்யும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் வேரூன்றவில்லை.

மத்திய அரசு 2018-இல் தேசிய நீர் விருதுகளை ஏற்படுத்தியது. சிறந்த கிராமப் பஞ்சாயத்துக்கும், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கும் அதில் தனித்தனிப் பரிசுகள் உண்டு. விண்ணப்பங்கள் இணையதளத்தின் வாயிலாகப் பெறப்படுகின்றன. மக்கள் பங்கேற்புடன் மழைநீரைச் சேமிக்கும் இயக்கம் ஒன்று 2024 செப்டம்பர் 6-ஆம் நாள் சூரத்தில் தொடங்கப்பெற்றது. அதற்கான விருதுகள் 2025 நவம்பர் 18-ஆம் நாள் புதுடில்லியில் வழங்கப்பட்டன. அங்கும் படமும் இருப்பிடக் குறிப்பும் இணையத்தில் ஏற்றப்பட்ட பின்னரே பணி கணக்கில் வந்தது.

நல்ல பணி செய்த ஊர்களும் இத்தகைய போட்டிகளில் பின்தங்க நேர்வது, பணி தொடங்குமுன் எடுத்த படம் இல்லாமையால்தான். தூர்வாரி முடித்த குட்டையை எத்தனை கோணத்தில் படம் பிடித்தாலும், அது முன்பு மேடிட்டு வேலிக்கருவேல் மண்டிக் கிடந்ததை அப்படம் சொல்லாது. முதல் மண்வெட்டி விழுந்தபின் அந்நிலையைத் திரும்பக் காட்டவும் இயலாது. ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளுக்கு 2017 நவம்பர் முதல், தொடங்குமுன், நடக்கையில், முடிந்தபின் என மூன்று முறை படமெடுக்கும் ஏற்பாடு வந்தது. சிரமதானத்துக்கும் அதனையே கைக்கொள்ளலாம். மூன்று படங்களும் ஒரே இடத்தில் நின்று எடுக்கப்படல் வேண்டும்; மதகுக் கல்லோ ஒரு பனைமரமோ மூன்றிலும் தெரியட்டும். கைபேசியில் இருப்பிட வசதி திறந்திருத்தல் அவசியம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இருப்பிடக் குறிப்பு நீங்கிவிடுமாதலால், மூலப்படத்தை அழித்துவிடலாகாது.

நமது திருவண்ணாமலைத் திருக்கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். மெய்க்கீர்த்தி எவ்வளவு நீண்டாலும், பின்னர் தானம் எது, எவ்வளவு, யார் கொடுத்தது என்னும் விவரத்துக்கு வந்துவிடும். நம் அறிக்கைகளோ பெரும்பாலும் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகின்றன! கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு மறுநாள் அதனைத் துப்புரவு செய்யும் தொண்டர்கள், "திரளானோர் கலந்துகொண்டனர்" என்று எழுதுவதைவிட, எத்தனை கிலோ குப்பை எடுத்தனர், அதனை எங்கே சேர்ப்பித்தனர் என்று எழுதுவது மேல்.

குளம் குட்டைகளுக்கும் இவ்வாறே. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் தோண்டினால் 300 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர் வீதம் 3 லட்சம் லிட்டர் கொள்ளும். கரைச்சரிவுக்கு உரியதைக் கழித்துவிட வேண்டும். அருகிலுள்ள கிணறுகளில் கைப்பிடிச் சுவரிலிருந்து கயிறு விட்டு, நீர்மட்டத்தைக் கோடையிலும் மழைக்குப் பின்பும் அளந்து குறித்து வைக்கலாம். அவ்வாண்டு பெய்த மழையளவையும் உடன் எழுதுவதே நேர்மை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நல்ல மழையால் ஏறிய நீரையெல்லாம் நாம் வெட்டிய குழியின் பயன் என்று கூறுதல் பொருந்தாது.

கூலி பெற்றுச் செய்த வேலையைத் தொண்டு எனக் காட்டுவது அதனினும் பெரிய குற்றம். 2021-இல் நம் மாவட்டத்தில் 30 நாட்களில் 1,121 பண்ணைக்குட்டைகள் வெட்டப்பட்டது சாதனையாகப் பதிவாயிற்று. அது வேலை உறுதித் திட்டத்தின் கூலி வேலை. அதனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை. கூலி வேலை தனியாகவும், சிரமதானம் தனியாகவும் இரு பதிவேடுகளில் இருக்கட்டும். சிரமதானப் பதிவேட்டில் அன்றன்று வந்தவர் பெயரும் உழைத்த நேரமும் இடம்பெற வேண்டும். பெண்களே பாதிக்கு மேல் மண் சுமந்திருக்க, ஆண்கள் பெயர் மட்டும் ஏறியுள்ள ஏடுகளையும் நாம் கண்டிருக்கிறோம்.

பரிசோடு கவனம் முடிந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2005 முதல் வழங்கப்பட்ட நிர்மல் கிராம விருதினைப் பெற்ற ஊர்கள் பலவற்றில் கழிப்பறைகள் பயன்பாடின்றிக் கிடந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆகவே ஓராண்டு கழித்து அதே இடத்தில் நின்று நான்காவது படம் ஒன்றும் எடுத்து வைக்க வேண்டுகிறோம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உலக நீர் தினமாகிய மார்ச் 22-ஆம் நாள் கூட்டத்தில் படங்களையும் அளவுகளையும் படித்துக் காட்டி, ஆட்சேபணை கேட்டு, தீர்மானத்தில் பதிந்துகொள்ளலாம். ஊரில் இணையத் தொடர்பு கிட்டாவிடில், எடுத்த கைபேசியுடனும் தீர்மான நகலுடனும் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தால் அங்கிருந்தே ஏற்றலாம்.