உங்களுக்குத் தெரியுமா? பி.பி.யும் கண்ணும்

● கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், உடம்பில் ஓடும் ரத்தக்குழாய்களை டாக்டர் நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. அதற்கான கருவியை விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் அறிமுகம் செய்தார். கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்கும் ரீவா-ரோச்சியின் கருவி வந்தது 1896-இல்தான். ரத்த அழுத்தத்தை இப்படிப் பட்டை கட்டி அளக்கத் தெரிவதற்கு முன்பே, அது செய்யும் சேதத்தைக் கண் மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள்.

● அந்தச் சேதத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தவர்கள் கீத், வேகனர், பார்க்கர் என்ற மூவர், ஆண்டு 1939. முதல் நிலையில் நாடிகள் லேசாகச் சுருங்கும். நான்காம் நிலையில் பார்வை நரம்பின் முகப்பே வீங்கிவிடும். அவர்கள் கவனித்த நோயாளிகளில், முதல் நிலையில் இருந்தவர்களில் 100-க்கு 70 பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். நான்காம் நிலையில் 6 பேர்தான். நல்ல மாத்திரைகள் இல்லாத காலம் அது. இன்று நிலைமை எவ்வளவோ மேல் என்றாலும், விழித்திரையில் நான்காம் நிலை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

● நெய்வேலிக்காரர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்து 6/6 வாங்கியவருக்கும் விழித்திரை கெட்டிருக்கலாம். எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நடுவிலுள்ள சின்னஞ்சிறு பகுதி. ரத்தக்கசிவும் நீர்க்கோர்ப்பும் அதைத் தொடாத வரை படிப்பதில் குறை தெரியாது, வலியும் இருக்காது. 1955-ஆம் ஆண்டு சுரங்க விதிகளின்படி சுரங்கத் தொழிலாளர்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை உண்டு. பக்கெட் வீல் இயந்திரத்தையோ டம்பரையோ ஓட்டுபவருக்குத் தூரமும் பக்கவாட்டும் சரியாகத் தெரிவது உயிர்ப் பிரச்சினை. ஆகவே பல வருடமாக பி.பி. உள்ளவர்கள், கூடவே சர்க்கரையும் இருப்பவர்கள், அந்த ஐந்தாண்டுக்காகக் காத்திருக்காமல் வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஓய்வு பெற்றவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதை விட்டுவிடக் கூடாது. மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், கண் கூசும். வாரலீவு நாளில் போங்கள். டூவீலரை நீங்கள் ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள்.

● தூங்கும்போது பி.பி. பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் அரைகுறையாகத் தூங்குபவர்களுக்கு இந்த இறக்கம் சரியாகக் கிடைக்காமல் போகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. தூக்கத்தில் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்து, விடிந்து எழும்போது ஒரு கண் மங்கியிருக்கலாம். நேற்று விட்ட மாத்திரையையும் சேர்த்து இன்று இரண்டாகப் போடுவது ஆபத்து. எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று டாக்டரிடம் சொல்லி, மாத்திரை நேரத்தை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

● விழித்திரையில் நாடியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறைதான். பி.பி.யால் தடித்த நாடி, அடியில் கிடக்கும் சிரையை, தோட்டத்து ரப்பர் குழாயை மிதித்தாற்போல் நசுக்கும். ரத்தம் தேங்கி, குழாய் கசிந்து, பார்வையை மறைக்கும். லண்டனில் கண் மருத்துவர் மார்கஸ் கன் இந்த நசுங்கலை 1890-களிலேயே விவரித்தார். இப்போது கண்ணுக்குள் ஊசி மருந்து போட்டுப் பலருக்குப் பார்வையை மீட்கிறார்கள். நெய்வேலிக்கு எட்டும் தூரத்தில், புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இருக்கிறது.

● ‘கண் பிரஷர்’ வேறு, பி.பி. வேறு. கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை. பி.பி. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறோம் என்பதற்காக கண் அழுத்தத்தைப் பார்க்காமல் விடக் கூடாது.

● உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. பக்கத்திலேயே பண்ருட்டி இருக்கிறது. முந்திரி சாப்பிடுங்கள், உப்பு போட்டு வறுத்ததைத் தவிருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டிலும் கவனம் வேண்டும்.

● கர்ப்பிணிக்குத் தலைவலியோடு கண் மங்கினால், கண்ணுக்குள் மின்னல்போல் மின்னினால், அது பி.பி. ஏறியதால் இருக்கலாம், கண்ணாடி மாற்ற வேண்டிய விஷயமல்ல. உடனே பிரசவ வார்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

● பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. டவுன்ஷிப்பைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெரியவர்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று வீட்டுப் பிள்ளைகள் விசாரியுங்கள்.

● ஒரு கண் திடீரென்று, வலியே இல்லாமல், முழுக்க இருண்டால் அது கண்ணில் வந்த பக்கவாதமாக இருக்கலாம். நாடி முழுதாக அடைபட்டால் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் விழித்திரை மீளாத அளவுக்குச் சேதமாகும். கண்ணாடிக் கடைக்குப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டாலும் போகத்தான் வேண்டும், அடுத்த அடைப்பு மூளையில் வரலாம்.