ஆலயத்தில் இசைக் கச்சேரி: ரசிப்பதா, செபிப்பதா?



தவக்காலம் நெருங்கும்போது ஐரோப்பிய ஆலயங்களில் இசை நிகழ்ச்சிகள் அறிவிக்கப்படுவது வழக்கம். அவற்றில் அடிக்கடி இடம்பெறுவது, ஆஸ்திரிய இசைமேதை ஜோசப் ஹைடன் (1732-1809) அமைத்த ‘நம் மீட்பரின் இறுதி ஏழு வார்த்தைகள்’. ஆலயத்திற்குள் இசை கேட்கச் செல்பவர் ரசிகரா, செபிப்பவரா? இந்தக் கேள்விக்கு இப்படைப்பின் வரலாறே வழிகாட்டுகிறது.

ஸ்பெயின் நாட்டின் காடிஸ் நகரில் நடைபெற்ற தவக்காலத் தியானத்திற்காக ஹைடன் இதனை எழுதினார். அந்தத் தியானம் எப்படி நடந்தது என்பதை 1801ஆம் ஆண்டு அவரே விவரித்தார். ஆலயத்தின் சுவர்களும் சன்னல்களும் தூண்களும் கறுப்புத் துணியால் மூடப்பட்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கு எரியும். ஆயர் மேடையேறி, ஆண்டவர் சிலுவையில் மொழிந்த வார்த்தை ஒன்றைச் சொல்லி விளக்குவார். பின்னர் இறங்கிவந்து பீடத்தின்முன் முழந்தாளிடுவார். அந்த மௌன நேரத்தை இசை நிரப்பும். இவ்வாறு ஏழு முறை. இறுதியில், இயேசு உயிர்விட்டபோது நிலம் நடுங்கியதை (மத் 27:51) இசைக்கருவிகள் முழங்கும்.

முதலில் இதில் பாடல் வரிகள் இல்லை. இறைவார்த்தை ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதை உள்ளத்தில் இறங்கவைப்பதே இசையின் பணி. 1787இல் நான்கு நரம்புக் கருவிகளுக்கான வடிவமும், பியானோ போன்ற விசைப்பலகைக் கருவிக்கான வடிவமும் வெளிவந்தன. பாடகர் குழுவுக்கான வடிவம் 1796இல் அரங்கேறியது.

இன்று இத்தகைய இசை பெரும்பாலும் வழிபாட்டிற்கு வெளியே கச்சேரியாகவே ஒலிக்கிறது. எனவே திருவழிபாட்டுப் பேராயம் 1987ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் சில நெறிமுறைகளை வழங்கியது. கச்சேரி நடத்துவோர் நிகழ்ச்சி விவரங்களை எழுத்தில் தந்து, முன்னதாகவே மறைமாவட்டத்தின் அனுமதி பெறவேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். கலைஞர்கள் பீடப்பகுதியில் அமரக்கூடாது. நற்கருணையை இயன்றவரை பக்கச் சிற்றாலயத்தில் அல்லது தகுதியான வேறு இடத்தில் வைக்கவேண்டும். கேட்போர் உள்ளத்தால் பங்கேற்க உதவும் விளக்கமும் தரப்படவேண்டும்.

இவை இசைக்குப் போடப்பட்ட தடைகள் அல்ல. ஆலயம் வாடகை அரங்கமாகிவிட்டால், பணமில்லாத ஏழை தன் தந்தையின் இல்லத்திற்கு வெளியே நிற்க நேரிடும். கதவு திறந்திருந்தாலோ, இசைக்காக மட்டும் வருபவரும் இறைவனின் குரலைக் கேட்கக்கூடும்.

புனித வெள்ளியன்று நாமும் இந்த ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னும் சற்று மௌனம் காப்போம். பாடகர் குழுவினரும் அந்த மௌனத்திற்கு இடம்விட்டுப் பாடட்டும். அப்போது நம் இசை, கேட்பவரைச் சிலுவையின் அடியில் கொண்டு சேர்க்கும்.