காலேஜ் பார்க்கப் போறீங்களா? ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்க

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாள்ல இருந்து நம்ம எல்லாருக்கும் போன் வர ஆரம்பிச்சிடும். சித்தப்பா பையன், பக்கத்து வீட்டு அக்கா பொண்ணு, அப்பாவோட ஆபீஸ் நண்பர் மகன். முதல் கேள்வி, "இந்தக் கட்-ஆஃபுக்கு எந்தக் காலேஜ் போடலாம்?" அதுக்குப் பதில் சொல்ற தகுதி நமக்கு இருக்கோ இல்லையோ, சொல்லிடறோம். ரெண்டாவதா ஒரு கேள்வி வரும். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை. "நேர்ல ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு இருக்கோம். காலைல போனா மத்தியானம் திரும்பிடலாம் இல்ல?"

திரும்பிடலாம். ஆனா திரும்ப வேண்டாங்கறதுதான் என் கட்சி.

கோயம்புத்தூர் டவுனுக்குள்ள இருக்கற காலேஜுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. பீளமேடு எப்படி இருக்கும்னு ஊருக்கே தெரியும். நான் சொல்றது சின்ன ஊர் காலேஜ். கொங்கு நாட்டுல பேர் சொல்ற இன்ஜினியரிங் காலேஜ் பல, சிட்டிக்கு வெளியேதான் இருக்கு. பெருந்துறையில 1984-ல ஆரம்பிச்ச கொங்கு இன்ஜினியரிங் காலேஜ், சத்தியமங்கலத்துல 1996-ல வந்த பண்ணாரி அம்மன், பொள்ளாச்சியில 1998-ல வந்த டாக்டர் மகாலிங்கம், சித்தோட்டுல நாம இன்னும் ஐ.ஆர்.டி.டி.ன்னே கூப்பிடற ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி. இங்கெல்லாம் சேர்றவங்க காலேஜுல மட்டும் சேர்றதில்ல. அந்த ஊர்லயும் நாலு வருஷம் சேர்றாங்க.

முன்னாடி இந்த விஷயம் வேற மாதிரி இருந்தது. கவுன்சிலிங்னா குடும்பமே ரயிலேறி சென்னைக்குப் போய், அண்ணா யுனிவர்சிட்டியில ஸ்கிரீனைப் பார்த்து, காலியா இருக்கற சீட்டுல ஒண்ணைச் சொல்லிட்டு வரணும். 2018-ல இருந்து எல்லாம் ஆன்லைன். அலைச்சல் மிச்சம், நல்ல மாற்றம்தான். ஆனா இப்ப ஒருத்தர் பிரவுசிங் சென்டர் சேர்ல உட்கார்ந்தே, கால் வைக்காத ஊர்ல நாலு வருஷத்தை லாக் பண்ணிட முடியுது. சாய்ஸ் ஃபில்லிங்குக்கு ஒவ்வொரு ரவுண்டுக்கும் சில நாள்தான் தருவாங்க. அந்த நாள்ல போய்ப் பார்க்க நேரம் இருக்காது. அதனால போறதா இருந்தா ரேங்க் லிஸ்ட் வந்த கையோட போயிடணும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. பெத்தவங்க காலேஜ் பார்க்க வர்ற மே, ஜூன் மாசத்துலதான் காலேஜுல பசங்க இருக்க மாட்டாங்க. செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு ஹாஸ்டல் பூட்டிக் கிடக்கும். மெஸ்ல சமைக்கறது ஸ்டாஃபுக்கும் விருந்தாளிக்கும்தான். புதுசா பெயின்ட் அடிச்ச ரூம் ஒண்ணைத் திறந்து காட்டுவாங்க, நல்லாத்தான் இருக்கும். ஆள் இல்லாத ஹாஸ்டல் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஆபீஸுக்குப் போன் போட்டு, "சீனியர்ஸுக்கு கிளாஸ் எப்போ ஆரம்பிக்குதுங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க. கிளாஸ் நடக்கற வாரமா பார்த்துப் போங்க.

நாள்னு கேட்டா வெள்ளிக்கிழமைதான் என் சாய்ஸ். காரணம் இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் கிளாஸ், லேப் எல்லாம் ஓடும். பொழுதோட பார்த்தா ஊருக்குப் போற பசங்க பையோட பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க. அந்த ஊர்ல இருந்து வெளியே போறது எவ்வளவு சுலபம், எவ்வளவு கஷ்டம்னு எந்த பிராஸ்பெக்டஸும் சொல்லாது. அந்த ஸ்டாப்புல அரை மணி நேரம் நின்னா தெரிஞ்சிடும். அன்னைக்கு ராத்திரி தங்கிட்டு, சனிக்கிழமை காலைல ஊரைப் பார்த்துட்டு வரலாம்.

தங்கறதுக்கு லாட்ஜ் கிடைக்குமான்னு கேப்பீங்க. கவுன்சிலிங் ஓடற காலத்துல பாதி நாள் ஆடி மாசம். ஆடியில நம்ம பக்கம் கல்யாணம் வைக்க மாட்டாங்க. மண்டபம் காலின்னா லாட்ஜும் காலி. ஆவணி முகூர்த்த நாள்ல போய் பெருந்துறையிலயோ கோபியிலயோ ரூம் தேடிப் பாருங்க, அப்பத் தெரியும். ஆனா ஆடிக்குன்னு தனியா ஒரு தொல்லை உண்டு. ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் பவானி கூடுதுறைக்குக் கூட்டம் அலைமோதும், ஆடி வெள்ளிக்கு பண்ணாரி கோவிலுக்கு. அந்த நாள்ல ஈரோடு, சத்தி பஸ்ல நிக்கக்கூட இடம் இருக்காது. சித்தோடு காலேஜ், சத்தி காலேஜ் பார்க்கறவங்க காலண்டரைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. ஆதார் கார்டு ஒரிஜினல் எடுத்துக்குங்க, லாட்ஜுல கேப்பாங்க. லாட்ஜுல தங்க மனசு வராத அம்மாக்கள் ஈரோட்டுலயோ திருப்பூர்லயோ இருக்கற ஒரம்பரை வீட்டுல தங்கிக்கலாம். நம்ம ஊர்ல யாருக்குத்தான் ஈரோட்டுல ஒரம்பரை இல்ல?

பஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா வெளியூர்க்காரங்க இதுலதான் நேரத்தைத் தொலைக்கறாங்க. கோயம்புத்தூர்ல ஒரே பஸ் ஸ்டாண்ட் கிடையாது. ஈரோடு, சேலம், சத்தி பக்கம் போறது காந்திபுரம். பொள்ளாச்சின்னா உக்கடம். கரூர், திருச்சி, மதுரைன்னா சிங்காநல்லூர். மேட்டுப்பாளையம், ஊட்டின்னா மேட்டுப்பாளையம் ரோட்டுல தனி ஸ்டாண்ட். மதுரையில இருந்து சிங்காநல்லூர்ல இறங்கி சத்தி போறவங்க, காந்திபுரம் போகவே ஒரு மணி நேரம் சேர்த்து வெச்சுக்கணும்.

அடுத்து பைபாஸ். பெருந்துறை, கோவை-சேலம் என்.எச். 544 மேல இருக்கு. மேப்ல பார்த்தா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் கிடைக்கற ஊர் மாதிரி தெரியும். உண்மையில சேலம் போற எத்தனையோ பஸ் ஊருக்குள்ள வராம பைபாஸ்லயே போயிடும். ஏறும்போதே கண்டக்டர்கிட்ட, "பெருந்துறை உள்ள போகுங்களா?"ன்னு கேட்டுடுங்க. "உள்ள" அப்படிங்கற வார்த்தை முக்கியம். அதை விட்டுட்டா பாலத்துக்கு அடியில இறக்கி விட்டுட்டுப் போயிடுவாங்க. ரயில்ல போறதா இருந்தாலும் இதே கதைதான். பெருந்துறைன்னு ஸ்டேஷன் இருக்கு, ஆனா ஊர்ல இருந்து தள்ளி இருக்கு, பாசஞ்சர் ரயில்தான் நிக்கும். ஈரோடு ஜங்ஷன்ல இறங்கி பஸ் பிடிக்கறதே சுலபம். சத்தியமங்கலத்துக்கு ரயிலே கிடையாது.

சத்தியில இன்னொண்ணு இருக்கு. மைசூர், சாம்ராஜ்நகர் பக்கம் இருந்து திம்பம் மலை இறங்கி வர்றவங்களுக்கு 27 கொண்டை ஊசி வளைவு. 2013-ல புலிகள் காப்பகமா அறிவிச்ச காடு அது. 2022-ல ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் நடுவுல ராத்திரி போக்குவரத்துக்குத் தடை இருக்கு. வண்டியைப் பொறுத்து நேரம் மாறும். "சாயங்காலம் காலேஜ் பார்த்துட்டு ராத்திரியே மலை ஏறிடலாம்"னு யாராவது பிளான் போட்டா, செக்போஸ்ட்ல தூங்க வேண்டியதுதான்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஒரு ராத்திரி சேர்த்து எதைப் பார்க்கணும்?

காலேஜுக்குள்ள பார்க்கற விஷயத்தை வேகமா சொல்லிடறேன், ஏன்னா அதுல பாதியை வீட்டுல இருந்தே பார்க்கலாம். அண்ணா யுனிவர்சிட்டி தன்கிட்ட அஃபிலியேட் ஆன காலேஜோட பாஸ் சதவீதத்தை செமஸ்டர்வாரியா வெளியிடுது. அட்டானமஸ் காலேஜ்னா எக்ஸாம் அவங்களே நடத்தறாங்க, அதனால ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. ஏ.ஐ.சி.டி.இ. கட்டாயப்படுத்தற டிஸ்க்ளோஷர் பக்கம் காலேஜ் வெப்சைட்ல இருக்கும், அதுல டிபார்ட்மென்ட்வாரியா ஃபேக்கல்ட்டி லிஸ்ட் இருக்கும். 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர்ங்கறதுதான் கணக்கு. லிஸ்ட்ல இருந்து நாலு பேரைக் குறிச்சுக்கிட்டுப் போய், டிபார்ட்மென்ட் வாசல்ல இருக்கற நேம் போர்டோட ஒப்பிட்டுப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. 'ப்ளேஸ்மென்ட் 95 சதவீதம்'னு ஃபிளெக்ஸ் இருந்தா, யார்ல 95 சதவீதம்னு கேளுங்க. ப்ளேஸ்மென்ட்டுக்குப் பேர் கொடுத்தவங்களா, மொத்த பேட்ச்சா?

ராத்திரி தங்கினாத்தான் தெரியற விஷயங்கள் வேற. என் கசின் ஒருத்தன் ஒரு காலேஜுல சேர்ந்தான். பேர் வேண்டாம். பார்க்கப் போன அன்னைக்கு அவங்களே பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பி, கேம்பஸ் சுத்திக் காட்டி, சாப்பாடு போட்டு, திரும்ப பஸ் ஏத்தி விட்டாங்க. நல்ல மரியாதை. ஆனா அந்த மூணு மணி நேரத்துல அவன் கேட்டுக்கு வெளியே ஒரு நிமிஷம்கூட நிக்கல. சேர்ந்ததுக்கு அப்புறம்தான் ஹாஸ்டலுக்கு வெயில் காலத்துல தண்ணி லாரியில வருதுன்னும், ராத்திரி எட்டு மணிக்கு மேல காய்ச்சல்னா மாத்திரை வாங்க ஏழு கிலோமீட்டர் போகணும்னும் தெரிஞ்சுது. ரெண்டுமே காலேஜுக்கு எதிர்ல இருந்த கடைக்காரர் மொத நாளே சொல்லியிருப்பார், கேட்டிருந்தா.

அதனால பேக்கரிக்குப் போங்க. நம்ம கொங்கு பக்கம் பேக்கரிங்கறது கேக் கடை இல்ல, டீ, பப்ஸ், தேங்காய் பன்னோட ஊர்ப் பஞ்சாயத்தே நடக்கற இடம். எந்தக் காலேஜ் கேட்டுக்கு எதிர்லயும் ஒண்ணு இருக்கும். நாலரை மணிக்கு மேல அங்க போய் ஒரு டீ சொல்லிட்டு, அப்பாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க. அப்பாக்கள் கேட்டா பசங்க "நல்ல காலேஜுங்க அங்கிள்"னு முடிச்சிடுவாங்க. வரப் போற பையனோ பொண்ணோ தனியா கேட்டாத்தான் பேச்சு வரும். "ஃபைன் எதுக்கெல்லாம் போடுவாங்கண்ணா?" "லீவ் கேட்டா தருவாங்களாக்கா?" "மெஸ்ல வெள்ளிக்கிழமை என்ன போடுவாங்க?" இந்த மாதிரி சின்னக் கேள்வியா இருக்கட்டும். "காலேஜ் எப்படி"ன்னு கேட்டா யாருக்கும் பதில் வராது.

பொண்ணுங்களுக்கு இன்னொரு வேலை. இருட்டினதுக்கு அப்புறம், ஏழு மணி போல, மெயின் கேட்ல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அம்மாவோட ஒரு தடவை நடந்து பாருங்க. லைட் இருக்கா, கடை திறந்திருக்கா, ரோட்டைக் கடக்கறது எப்படி. ஹைவே ஓரமா இருக்கற காலேஜுல கடைசிக் கேள்விதான் பெருசு. எத்தனையோ வீட்டுல பொண்ணை வெளியூர் அனுப்பலாமா வேண்டாமான்னு அப்பா முடிவு பண்றது இந்த ரோட்டை மனசுல கற்பனை பண்ணித்தான். கற்பனையை விட நேர்ல பார்த்த ரோடு பெரும்பாலும் நல்லாவே இருக்கும். அம்மா நடந்து பார்த்துட்டு வந்து சொன்னா வீட்டுல அந்தப் பேச்சே வேற மாதிரி போகும்.

சனிக்கிழமை காலை ஊருக்கு. இதை டூர்னு நினைக்காதீங்க, பாடத்தோட சேர்ந்ததுதான். பெருந்துறைன்னா பஸ்ல சென்னிமலை போயிடலாம். கோவிலுக்கு 1320 படி, கந்த சஷ்டி கவசம் அரங்கேறின இடம்னு சொல்வாங்க, அம்மாவுக்குத் திருப்தி. கீழே தெருவுல தறிச் சத்தம், போர்வை, பெட்ஷீட் கடை. அங்கிருந்து நொய்யல் பக்கம் போனா கொடுமணல். 1985-ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டின இடம். இரும்பு, எஃகு உருக்கின உலைகளும் தமிழ் பிராமி எழுத்து கீறின பானை ஓடுகளும் கிடைச்சது. மெட்டலர்ஜி எடுக்கப் போற பையனுக்கு இதை விட நல்ல ஓரியன்டேஷன் எதுவும் இல்ல. வெட்டவெளிதான் இருக்கும், பார்க்க மியூசியம் மாதிரி எதிர்பார்க்காதீங்க. பக்கத்துலயே ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல பாசனத்துக்குக் கட்டி முடிச்சது, திருப்பூர் சாயக் கழிவு வந்து நிரம்பி விவசாயத்துக்கே எதிரியாச்சு. 2011-ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்ற அளவுக்குப் போன கதை அது. கெமிக்கல், சிவில், டெக்ஸ்டைல் எது எடுத்தாலும் 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்'னு ஒரு பாடம் வரும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அங்க கிடக்கு.

சத்தின்னா பவானிசாகர். 1955-ல முடிஞ்ச மண் அணை, கரை மேல பார்வை போற தூரம் வரைக்கும் நீளும். பொள்ளாச்சின்னா ஆழியார் போதும், வால்பாறைக்கு ஆசைப்பட்டீங்கன்னா அன்னைக்குத் திரும்ப முடியாது. ஆடிக் காத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா சாரல் அடிக்கும், குடை எடுத்துக்குங்க.

திரும்பற பஸ் சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள பிடிச்சிடுங்க. அதுக்கு மேல திருப்பூர் பனியன் கம்பெனியில வாரச் சம்பளம் வாங்கிட்டு ஊருக்குப் போறவங்க கூட்டம் சேர ஆரம்பிக்கும், அவினாசி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வரணும். சீட் கிடைச்சா, போனை எடுத்து அந்தக் காலேஜைப் பத்திப் பார்த்ததையெல்லாம் அங்கேயே டைப் பண்ணி வெச்சுக்குங்க. வீட்டுக்குப் போனதும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, நீங்க பார்த்தது மறந்து போயிடும்.