ஒளிப்படக் குழுப் பயணமும் பொதுப் பணமும்

பொங்கல் விடுமுறை நெருங்கினால் வைட்ஃபீல்டில் ஒளிப்படக் குழுக்கள் கூடிவிடும். அலுவலக நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, கேமராப் பைகளுடன் தெற்கு நோக்கிக் கிளம்புவார்கள். கடந்த ஆண்டு நம் வாடிக்கையாளர்கள் சிலருடன் நாமும் அவ்வாறு சென்று வந்தோம். அப்பயணத்தில் கண்டவற்றோடு, புறப்படும் முன் பணத்தைப் பற்றிச் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளையும் இங்கே விளக்குகிறோம்.

நாம் சென்ற வழி புதியதன்று. மதராஸ் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். இராயக்கோட்டை, சேலம் பகுதி, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சென்று படமெடுத்தார். அக்காலத்தில் மெழுகு ஊட்டிய தாளே அவருக்கு ஃபிலிம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாக 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று கைப்பேசியைச் சுற்றிலும் திருப்பி நாம் எடுக்கும் பனோரமாவை அவர் கையால் செய்திருக்கிறார். ஆயினும், 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், செலவு மிகையென்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். வரவு செலவுத் திட்டத்தில் சிக்கிய முதல் ஒளிப்படப் பயணம் இதுவாகவே இருக்கலாம் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டோம்.

எங்கள் குழுவுக்கும் பணத்தில் ஒரு பழைய காயம் இருந்தது. முந்தைய ஆண்டு, அனைவரும் முன்பணத்தை ஒரு தனி ஏற்பாட்டாளரின் சொந்தக் கணக்குக்கு யுபிஐ வழியாக அனுப்பியிருந்தார்கள். பயணம் நடக்கவில்லை, பாதித் தொகையே திரும்பிற்று. ரசீதும் இல்லை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற எழுத்தும் இல்லை. ஒருவர் தாமே ஒப்புதல் தந்து அனுப்பிய பணத்தை வங்கி தன் விருப்பப்படி திரும்ப எடுத்துத் தர இயலாது என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது, எங்களுக்கே வருத்தமாக இருந்தது.

ஆகவே இம்முறை, குழுவில் இருவர் பெயரில், இருவரும் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கூட்டுச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். தங்கும் விடுதிக்கும் வேனுக்கும் அதிலிருந்தே நேரடியாகச் செலுத்தினோம். வழிச் செலவுக்குச் சிறு தொகையை மட்டும் ரொக்கமாக வைத்துக்கொண்டோம். கிராமத்துத் தேநீர்க் கடையில் க்யூஆர் அட்டை இருந்தாலும் சிக்னல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

காப்பீட்டில் பலரும் ஏமாறுகிறார்கள். வீட்டுப் பொருள்களுக்கான பாலிசி பொதுவாக வீட்டு வாசலோடு நின்றுவிடும். வெளியூரில் கேமரா தொலைந்தாலும் விழுந்து உடைந்தாலும் இழப்பீடு கிடைக்க, அதற்கெனத் தனிப் பாதுகாப்பைச் சேர்த்திருக்க வேண்டும். பல பாலிசிகளில், ஆளில்லாத வண்டியிலிருந்து களவு போனால் இழப்பீடு கிடையாது. கேமரா, லென்ஸ் ஆகியவற்றின் வரிசை எண்களையும் வாங்கிய ரசீதையும் முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

கோயில்களில் அனுமதி இடத்துக்கு இடம் மாறும். தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிப் பிரகாரத்தில் படமெடுக்கலாம், கருவறையில் கூடாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசியையே கொண்டு செல்ல முடியாது. ட்ரோன் கொண்டு செல்வோர், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குப் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும்.

தஞ்சையில் மாலை வெயில் விமானத்தின் கருங்கல்லில் பொன்னாகப் படரும் நேரத்திற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வங்கிக்காரர்களாகிய நாங்கள் கல்வெட்டுகளின் அருகே நின்றுவிட்டோம். இராஜராஜன் காலத்தில் கோயிலுக்கு அளித்த காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசையாக வந்தது. அந்த வருவாயில் விளக்கும் அமுதும் நடந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வைப்பு நிதியின் முன் நின்று நாங்கள் எடுத்த படங்களே மங்கலாக விழுந்தன என்பது வேறு கதை.

திருவையாற்றுக்கு அருகே ஒரு களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த மூதாட்டியைப் படமெடுக்க அனுமதி கேட்டோம். அவர் முறத்தைத் தாழ்த்தாமலே, “போன தடவையும் இப்படித்தான் ஒரு கூட்டம் வந்து எடுத்துட்டுப் போச்சு தம்பி. அனுப்பறோம்னாங்க, ஒண்ணும் வரலை” என்றார். எங்களுள் பலர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் குறிப்பேட்டை எடுத்து, பாட்டியின் பெயர், தெரு, அஞ்சல் எண் ஆகியவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அதன் பிறகே படம் எடுக்கப்பட்டது.

திரும்பி வந்ததும் கூட்டுக் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருந்தது. அதைத் தலைக்கு இவ்வளவு எனப் பிரிப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, அந்தக் குறிப்பேட்டில் இருந்த ஏழு முகவரிகள் நினைவுக்கு வந்தன. படங்களை அச்சிட்டு, வைட்ஃபீல்டு அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கணக்கை முடித்த நாளில், ஏழு ரசீதுகளும் அதன் கோப்பில் இணைக்கப்பட்டன.