காக்கையும் பனம்பழமும்

2021 ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் சென்னையில் கொரோனாத் தடுப்பூசி இட்டுக்கொண்டு, பிறரையும் இட்டுக்கொள்ள வேண்டினார். மறுநாள் மாரடைப்பு, 17-இல் மறைந்தார். ஊசியே காரணம் என்ற அச்சம் தமிழரிடையே விரைந்து பரவிற்று.

நேயர்களே, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததெனில், காக்கையா காரணம்? இலட்சக்கணக்கானோர் ஊசி பெறுங்கால், அவருள் சிலர்க்கு அதே நாட்களில் பிற நோயும் நேர்தல் இயல்பு. ஆராய்ந்தே காரணம் துணிதல் வேண்டும். மருத்துவர்கள் கண்டது இதயக் குழாய் அடைப்பு. ஊசிக்குத் தொடர்பில்லை என மத்திய வல்லுநர் குழுவின் முடிவு அக்டோபரில் வெளிவந்தது.

வதந்திக்கு ஒரு நாள். விளக்கத்திற்கு ஆறு திங்கள். இடையில் இரண்டாம் அலை காத்திருக்கவில்லை. கோலார் தங்கவயல் முதலிய இடங்களில், சுரங்கத் தூசியால் நுரையீரல் நலிந்த முதியோர்க்குத் தயக்கம் பேரிடர். ஐயம் எழுந்தால் மருத்துவரை வினவுக.