பருத்தி குடிக்கும் நீர்

ஸ்ரீகாளஹஸ்தி எனப்படும் திருக்காளத்தி, கலம்காரி ஓவியத்திற்குப் புகழ்பெற்ற ஊர். பருத்தித் துணியைப் பாலும் கடுக்காயும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, மூங்கில் எழுதுகோலால் ஓவியம் தீட்டுவர். பின்னர் ஓடும் நீரில் அலசுவர். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இக்கலை வளர்ந்ததில் வியப்பில்லை. நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிகள் பல இயங்குகின்றன. ஆயினும் சித்தூர், திருப்பதி வட்டாரத்து நிலங்களில் பருத்தி முதன்மைப் பயிரன்று; நிலக்கடலை, கரும்பு, நெல், மா ஆகியவையே மிகுதி. ஆதலால் பருத்தியைப் பற்றி இங்குள்ள பலரும் அறிந்தவை செவிவழிச் செய்திகளே. 'பருத்தி நீரைக் குடித்துத் தீர்க்கும் பயிர்' என்பது அவற்றுள் ஒன்று.

இக்கருத்து எவ்வாறு பரவியது? 1960களில் இருந்து, மத்திய ஆசியாவின் ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீர் பெருமளவில் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டது. உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கிய ஆரல் கடல் வற்றிச் சிறு சிறு துண்டுகளாயிற்று. ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்னும் கணக்கும் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இவை பொய்யல்ல. ஆனால், அந்தக் கணக்கில் கால்வாய் நீரும் கிணற்று நீரும் மட்டுமன்றி, வயலில் பெய்த மழையும் சேர்ந்துள்ளது. இந்தியாவில் பருத்தி பயிராகும் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி நிலம். அங்கு எவரும் ஆற்றைத் திருப்புவதில்லை. பருத்தி இல்லையெனினும் அம்மழை பெய்யத்தான் செய்யும். மேலும், மானாவாரியில் விளைச்சல் குறைவு. பெய்த மழையைக் குறைந்த கிலோக்களுக்குப் பங்கிடுவதால், ஒரு கிலோவிற்கான நீரளவு பெருகித் தோன்றுகிறது. கிணறே இல்லாத உழவர், கணக்கேட்டில் நீரை வீணாக்குபவராகி விடுகிறார்!

பயிர்களை ஒப்பிட்டும் பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு தரும் அளவின்படி, பருத்திக்கு ஒரு பருவத்தில் 700 முதல் 1,300 மில்லிமீட்டர் நீர் தேவை. கரும்பிற்கோ 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டராகும். கரும்பு ஏறத்தாழ ஓராண்டு நிலத்தில் நிற்பது என்பதையும் மறவாது ஒப்பிடுதல் வேண்டும். எனினும், சித்தூர்ப் பகுதியின் மேட்டு நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டி இறங்கும்போது, 'எந்தப் பயிர்?' என்பதோடு 'எங்கிருந்து வந்த நீர்?' என்றும் கேட்டாக வேண்டும்.

பருத்தியின் ஆணிவேர் ஆழமாகச் செல்வதால், அது ஓரளவு வறட்சியைத் தாங்கும். பூத்துக் காய்பிடிக்கும் காலத்தில் மட்டும் வறட்சி நீடித்தால், மொட்டுகளும் இளங்காய்களும் உதிர்ந்துவிடும். அவ்வேளையில், பண்ணைக்குட்டையில் தேக்கிய மழைநீரை ஓரிரு முறை பாய்ச்ச இயன்றால் விளைச்சலில் பெரும்பகுதியைக் காக்கலாம்.