கிரிவலக் கால்களும் பிக்கிள்பால் ஆட்டமும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றி வருகிறவர்களில் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள் அநேகர் உண்டு. இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை அயராமல் நடக்கிற அந்தக் கால்களுக்கு, சின்னஞ்சிறு களத்தில் பிளாஸ்டிக் பந்தைத் தட்டி விளையாடுவது ஒரு பெரிய காரியமா என்று தோன்றுவது இயல்பே. அந்தத் துணிவோடு முதல் நாளே ஒரு மணி நேரம் ஆடிவிடத் துடிக்கிறவர்களை உத்தேசித்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. நடை இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் தருகிற பலம் மெய்யானது. ஆனால் அது காலை முன்னோக்கி மாத்திரமே பழக்குகிறது. பக்கவாட்டில் பாய்வதும், பாய்ந்த வேகத்தில் சட்டென நிற்பதும், நின்ற இடத்திலேயே திரும்புவதும் கால்கள் தனியே கற்க வேண்டிய வித்தை.

ஆட்டம் எப்படிப்பட்டது?

1965-இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்டும் அவருடைய நண்பர்களும் தங்கள் குடும்பத்தாரின் பொழுதுபோக்குக்காக உண்டாக்கிய இவ்விளையாட்டை, நம் தேசத்தில் பரப்பும் முயற்சியை மும்பையில் தொடங்கியவர் சுனில் வலாவல்கர். களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அளவும் இதுவே. ஆகையால் அத்தகைய களம் உள்ள பள்ளியோ மன்றமோ புதிதாக நிலம் தேட வேண்டியதில்லை. வலையை ஓரங்களில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமுமாக இறக்கிக் கட்டி, வலைக்கு இருபுறமும் 7 அடியில் ஒரு கோடு போட்டால் போதும். ‘கிச்சன்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் அந்த 7 அடிப் பகுதிக்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கலாகாது.

முதியோருக்கு இது ஏற்றதென்று நான் கருதுவதற்குக் காரணம் விதிகளிலேயே இருக்கிறது. சர்வீஸை இடுப்புக்குக் கீழிருந்து போடுவதால் தோள்மூட்டுக்குச் சிரமம் குறைவு. சர்வீஸும் அதற்கான பதிலடியும் ஒவ்வொரு முறை தரையில் பட்டெழுந்த பிறகே அடிக்கப்பட வேண்டுமாதலால், தொடக்கக்காரருக்குச் சற்றே அவகாசம் கிடைக்கிறது. தஞ்சையில் தோன்றிய நம் பூப்பந்தின் களம் 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. அதனோடு ஒப்பிட்டால் இங்கே ஓட்டம் சொற்பமே.

அபாயம் பின்னடியில்

தலைக்கு மேலே பந்து உயர்ந்து போகிறபோது, கண்ணைப் பந்தின்மேல் வைத்தபடியே பின்னோக்கி நாலடி எடுத்து வைக்கத் தோன்றும். உடலின் பாரம் குதிகாலுக்குப் பின்னே சாய்கிறது. விழுகிறவர் தம்மையறியாமல் கையை ஊன்றுகிறார். மணிக்கட்டு எலும்பு முறிகிறது. எலும்பு மெலிந்த பெண்மணிகளுக்கு இது விசேஷமான ஆபத்து. அத்தகைய பந்தை விட்டுவிடுங்கள். ஒரு புள்ளி போவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. எடுத்தே தீர வேண்டுமென்றால், உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு ஓடி எடுங்கள்.

ஆகவே மட்டையைத் தொடுமுன் இரண்டு வாரம் கால்களுக்கு அப்பியாசம் கொடுப்பது உத்தமம். சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குதல், ஒற்றைக்காலில் நிற்றல், பக்கவாட்டில் சிற்றடி வைத்துப் போய்த் திரும்புதல் என இவை மூன்றும் போதும். வெறுங்காலோ, ஓட்டத்துக்கான மெத்தென்ற ஷூவோ இவ்வாட்டத்துக்கு ஆகாது. பக்கவாட்டில் பாதத்தைத் தாங்குகிற, கோர்ட்டுக்கென்றே செய்யப்பட்ட ஷூ தேவை. கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி அணிவது நல்லது.

வெயிலும் சர்க்கரையும்

சித்திரை, வைகாசி வெயிலில் சிமென்ட் தரை அனலைக் கக்குகிற ஊர் நம்முடையது. காலை ஏழு மணிக்கு முன்பு அல்லது பொழுது சாய்ந்த பின்பு ஆடுவதே விவேகம். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்கிறவர்கள் எவ்வளவு தண்ணீர் அருந்தலாமென்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆட்டத்தின் நடுவே சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். வியர்வையும் நடுக்கமும் அதன் அடையாளங்களாயினும், ஆடுகிறபோது எப்படியும் வியர்ப்பதால் அது புலப்படாமற் போய்விடுகிறது. எனவே சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். தனியே ஆடாமல், தம் நோயை அறிந்த கூட்டாளியோடு ஆடட்டும். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் ஆட்டம் முடிந்தவுடன் காலுறையைக் கழற்றி, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பௌர்ணமியன்று வெறுங்காலில் நடந்து கொப்புளம் கண்டவர்கள் அது ஆறும் வரை களத்துக்கு வரலாகாது.

எவ்வளவு ஆடலாம்?

வாரத்துக்கு 150 நிமிஷமேனும் மிதமான உழைப்பு வேண்டுமென்றும், முதியோர் சமநிலைக்கான பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நடையை விடாமல், அதனிடையே வாரம் இரண்டு முறை, இருபது நிமிஷ ஆட்டத்தில் தொடங்கி, மறுநாள் மூட்டில் வீக்கமோ குதிநரம்பில் வலியோ இல்லையென்று கண்ட பிறகே நேரத்தைக் கூட்டலாம். இருதய நோய் உள்ளவர்கள் தொடங்குமுன் வைத்தியரைக் கண்டு வருவது அவசியம். ஆடுகையில் நெஞ்சு இறுகினாலும், இடது தோளிலோ தாடையிலோ வலி பரவினாலும், தலை சுற்றினாலும், அந்த ஆட்டத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாமென்று தாமதிக்காமல் உடனே உட்கார்ந்து, கூட இருப்பவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.